குழந்தைகளின் அபூர்வ வியாதிகள்: கண்டுபிடிப்பதில் குடும்பத்தின் பங்கு

(நமது சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத வெளியூர் அங்கத்தினர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே பிரசுரமாகிறது.)



குழந்தை வைத்தியத்தைப் பற்றிப் பேச ஒரு டாக்டரை அழைக்காமல், ரிடையரான அரசாங்க உத்தியோகஸ்தரை அழைத்திருக்கிறார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் ரசாயனம் படித்து பி.எஸ்ஸி. தேறியவன். கேரள அரசின் புள்ளிவிவரத் துறையில் வேலை பார்த்து 55 வயதில் ஓய்வு பெற்றேன். என் சர்வீஸில் பெரும்பகுதி இரண்டு எல்லைப் பிரதேசங்களில் கழிந்தது. ஒன்று, கோயம்புத்தூரை ஒட்டிய அட்டப்பாடி. மற்றொன்று, போடி மலைக்கு மேலே உள்ள தேவிகுளம், உடும்பன்சோலைப் பக்கம்.

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது என் தொழில். எத்தனை பேர், என்ன வயது, எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்று கேட்டு எழுத வேண்டும். இறந்தது குழந்தை என்றால் "காரணம்" என்ற கட்டத்தில் "காய்ச்சல்", "சோகை", "தெரியவில்லை" என்று மூன்றே பதில்கள்தாம் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கட்டம்தான் என்னை இந்த விஷயத்தைப் படிக்க வைத்தது. ஓய்வு பெற்றபின் டாக்டர் நண்பர்களிடம் கேட்டும் புத்தகங்களைப் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இது வைத்திய ஆலோசனை அல்ல. வைத்தியரிடம் போகும்போது நாம் என்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே என் பேச்சு.

அபூர்வம் என்றால் என்ன?

அபூர்வ நோய்கள் என்று பட்டியலிடப்பட்டவை ஏறத்தாழ 7,000 இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் சில ஆயிரத்தில் ஒரு குழந்தை, லட்சத்தில் ஒரு குழந்தை என்றுதான் வரும். எல்லாவற்றையும் கூட்டினால் தொகை பெரிது. இவற்றில் பெரும்பாலானவை பரம்பரைக் கூறுகளால் வருபவை. பெரும்பாலானவை குழந்தைப் பருவத்திலேயே தலைகாட்டுகின்றன.

ஒரு நாளில் நூறு குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரை நினைத்துப் பாருங்கள். தொண்ணூற்றொன்பது குழந்தைகளுக்கு ஜலதோஷம், வயிற்றுப்போக்கு, சாதாரணக் காய்ச்சல். நூறாவது குழந்தையும் அதே காய்ச்சலோடும் அதே வாந்தியோடும்தான் வருகிறது. அவர் முதலில் சாதாரண வியாதியைத்தான் நினைப்பார். அப்படி நினைப்பதுதான் முறையும்கூட. இது வேறு என்று அவருக்குத் தோன்ற வேண்டுமானால் மூன்று விவரங்கள் தேவை. குழந்தை எந்த ஊரைச் சேர்ந்தது? வீட்டில் அதன் உடலில் என்ன பார்த்தீர்கள்? குடும்பத்தில் இதற்கு முன் இப்படி நடந்ததுண்டா? இந்த மூன்றும் நம்மிடம் இருக்கின்றன. பரிசோதனைச் சாலையில் கிடைக்காது.

முதலாவது: ஊர்

1983ஆம் வருஷம், மார்கழி மாதம். அகளிக்கு அப்பால் ஓர் இருளர் ஊரில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு குடிசை வாசலில் ஒன்றரை வயதுக் குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. இரண்டு கைகளும் பாதங்களும் பொதபொதவென்று வீங்கியிருந்தன. "குளிர் வந்தா வீங்கும் சாமி, பெரியவனுக்கும் இப்படித்தான் இருந்தது" என்றாள் தாய். பெரியவனுக்கு ஒன்பது வயது. கண்ணில் மஞ்சள். மூட்டு வலியால் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். அவனை மூன்று இடங்களில் காட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் வாதக் காய்ச்சல் என்றார்கள். ஓரிடத்தில் மஞ்சள் காமாலை. மூன்றாவது இடத்தில் ரத்தசோகை என்று இரும்புச் சத்து டானிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வாரம் அங்கே ஒரு வைத்திய முகாம் நடந்தது. அதில் வந்திருந்த இளம் டாக்டர், வலியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "இவர்கள் இந்த மலைக்காரர்களா? அண்ணன் தம்பி இருவருக்குமா?" என்று கேட்டார். பெரியவன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் கலந்து, கண்ணாடித் தகட்டில் மூடிக் காற்றுப் புகாமல் அடைத்துவைத்தார். வீட்டில் எலுமிச்சை ஸ்குவாஷ் கெடாமல் இருக்கப் போடுவோமே, அந்த உப்புக்கு உறவானதுதான் இது. ரத்தத்திலுள்ள பிராணவாயுவை இது உறிஞ்சிவிடும். சற்றுநேரம் கழித்து, நானும் ரசாயனம் படித்தவன் என்பதால், மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல கதிர் அரிவாள்போல் வளைந்து கிடந்தன. மூன்று வியாதி அல்ல, ஒரே வியாதி. அரிவாள் செல் ரத்தசோகை, அதாவது சிக்கிள் செல் நோய்.

வளைந்த அணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கும்போது வலியும் வீக்கமும் வருகின்றன. அவை சீக்கிரமே உடைந்து அழிவதால் சோகை, கண்ணில் மஞ்சள். குளிரும், நீர்ச்சத்துக் குறைவும், காய்ச்சலும் இதைக் கிளப்பிவிடும். பிறந்து ஆறு மாதம் வரை கருவிலிருந்த காலத்து ஹீமோகுளோபின் காப்பாற்றுவதால் குழந்தை நன்றாகவே இருக்கும். "நல்ல குழந்தை, யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று சொல்வதற்கு இதுவே காரணமாகிவிடுகிறது.

இந்த வியாதியை 1910இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற டாக்டர் முதன்முதலில் மருத்துவப் பத்திரிகையில் விவரித்தார். நோயாளி கிரெனடா தீவிலிருந்து வந்த பல் மருத்துவ மாணவர். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவரது சகாக்களும் கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். 1950களில் வெர்னான் இங்ரம் இன்னும் துல்லியமாகக் கண்டுபிடித்தார். 146 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் மட்டும் ஒன்று மாறியிருக்கிறது. அவ்வளவுதான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் கோளாறு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பொதுவாகத் தொந்தரவு இல்லை. மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. அதனால்தான் மலேரியா தலைமுறை தலைமுறையாக வாட்டிய காட்டுப் பிரதேசங்களில் இது நிலைத்துவிட்டது.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்தக் கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1952லேயே பிரசுரித்துவிட்டார்கள். அட்டப்பாடி நீலகிரிக்கு அடுத்த பள்ளத்தாக்கு. இரு பக்கமும் இருளர்களும் குறும்பர்களும் வாழ்கிறார்கள். 1952இல் அச்சேறிய செய்தி 31 வருஷம் கழித்தும் அந்தக் குடிசைக்கு வந்து சேரவில்லை. கல்பாத்தி கிராமத்தில் அபூர்வமாக இருக்கும் வியாதி அகளியில் அபூர்வமல்ல. வயநாட்டில் பழங்குடியினர் மட்டுமல்ல, வயநாட்டுச் செட்டி சமூகத்தாரிடமும் இது உண்டு. இந்தப் பக்கத்துக் குழந்தை பிழைப்புக்காகப் பெற்றோருடன் சென்னைக்கோ திருப்பூருக்கோ போகிறது. அங்குள்ள டாக்டருக்கு இருளர் என்ற பெயரோ அட்டப்பாடி என்ற பெயரோ யாராவது சொன்னால்தான் தெரியும்.

இந்த வியாதியைப் பெயர் சொல்லிக் கண்டுபிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஃபோலிக் அமிலம், தடுப்பூசிகள், சிறு குழந்தைகளுக்குப் பென்சிலின், நிறையத் தண்ணீர், குளிரிலிருந்து பாதுகாப்பு, தேவைப்படுவோருக்கு வலியின் தாக்குதல்களைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா. 2023 ஜூலை 1ஆம் தேதி மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் இதை ஒழிப்பது என்பது லட்சியம். கேரளமும் தமிழ்நாடும் அதில் சேர்ந்தவை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2013இல் அட்டப்பாடியில் அடுத்தடுத்து நடந்த சிசு மரணங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. தாய்மார்களின் போஷாக்குக் குறைவும் எடை குறைந்த பிரசவங்களும்தாம் அதில் பெரிதாகத் தெரிந்தவை. அபூர்வ வியாதியைத் தேடுகிறேன் என்று பசியைப் பார்க்கத் தவறிவிடக் கூடாது.

இரண்டாவது: உடல்

தேவிகுளம் பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் குழந்தைக்கு எட்டு நாளாகக் காய்ச்சல். டைபாய்டு என்று ஊசி போட்டும் இறங்கவில்லை. குளிப்பாட்டும்போது பாட்டிதான் பார்த்தாள். அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு. வலி இல்லாததால் குழந்தை சொல்லவே இல்லை. அதைக் காட்டியவுடன் டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் உண்ணி இனத்துப் பூச்சிகளின் இளம் பருவக் குஞ்சுகள் கடிப்பதால் வரும் காய்ச்சல் இது. இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா எல்லையில் சிப்பாய்களை வாட்டியதும் இதே வியாதிதான். பென்சிலின் வகை மருந்துகள் இதில் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் போன்ற, விலை அதிகமில்லாத மருந்துகள் கேட்கும். தாமதமானால் நுரையீரலையும் மூளையையும் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பொருக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை. இருந்தால் பெரும்பாலும் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் என்று மறைவான இடத்தில்தான் இருக்கும். குளிப்பாட்டுகிறவர் கண்ணில்தான் அது முதலில் படும்.

வீட்டார் கண்ணில் முதலில் படும் அடையாளங்கள் வேறு சிலவும் உண்டு.

மூன்று நான்கு வயதுப் பையன் தரையிலிருந்து எழுந்திருக்கும்போது, தன் முழங்கால்களிலும் தொடைகளிலும் கையை ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல் எழுகிறானா? மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறானா? கெண்டைக்கால் மட்டும் கொழுகொழுவென்று இருக்கிறதா? "புஷ்டியான கால்" என்று நாம் சந்தோஷப்படுவோம். டுஷேன் என்ற தசைச் சிதைவு நோயின் அடையாளங்கள் இவை. இதில் ஒரு சிக்கல் உண்டு. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று கல்லீரலுக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள் இந்தக் குழந்தைகளுக்கும் அதிகமாகக் காட்டும். ஏனெனில் அந்த என்சைம்கள் தசையிலும் இருக்கின்றன. கல்லீரல் கோளாறு என்று மாதக்கணக்கில் வைத்தியம் நடக்கும். சி.பி.கே. என்ற எளிய ரத்தப் பரிசோதனை விஷயத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொரு கண்ணின் பாப்பா வெள்ளையாகவும் தெரிந்தால் காமிராவின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோயாக இருக்கலாம். உடனே காட்டினால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம்.

மூக்குகூட உதவும். நார்வே தேசத்தில் ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். இருவருக்கும் மூளை வளர்ச்சி இல்லை. சிறுநீரில் ஏதோ ஒரு விசித்திர வாசனை வருகிறது என்று அவள் பல டாக்டர்களிடம் சொன்னாள். யாரும் பொருட்படுத்தவில்லை. அவள் விடவில்லை. 1934இல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டரிடம் போனாள். அவர் ரசாயனமும் படித்தவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். வரக்கூடாத பச்சை நிறம் வந்தது. ஃபினைல்பைருவிக் அமிலம் என்று கண்டுபிடித்தார். இன்று ஃபினைல்கீட்டோனூரியா என்று அழைக்கப்படும் நோய் அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. 1960களில் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வடிதாளில் வைத்து இதைக் கண்டுபிடிக்க வழி செய்தார். வெளிநாட்டில் உங்கள் பேரன் பேத்தி பிறந்தவுடன் குதிகாலில் குத்துகிறார்களே, அதன் ஆரம்பம் இதுதான். உணவுக் கட்டுப்பாட்டை ஆரம்பத்திலேயே தொடங்கினால் அந்தக் குழந்தையின் மூளை பாதிக்கப்படாமல் வளர்கிறது.

மூன்றாவது: குடும்பம்

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் நெருங்கிய உறவில் ஒரு தம்பதி. அத்தை மகளையே கல்யாணம் செய்துகொண்டவர். முதல் பிள்ளை நல்ல எடையோடு பிறந்து, இரண்டாவது வாரத்தில் வாந்தி எடுத்து, உடல் வற்றி, மூன்றாவது வாரத்தில் போய்விட்டது. வாந்தி பேதி என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து இரண்டாவது பிள்ளையும் அதே மாதிரி, அதே மூன்றாவது வாரத்தில். பிராப்தம் என்றார்கள். நாகப் பிரதிஷ்டை செய்தார்கள். சொல்லக் கூடாத வார்த்தைகளையெல்லாம் அந்தப் பெண் கேட்டாள்.

மூன்றாவது முறை அவள் கர்ப்பமாக இருந்தபோது, கிராமத்திலிருந்த எண்பது வயது அத்தைப் பாட்டி ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க அண்ணாவுக்கும் ரெண்டு ஆண் குழந்தை இப்படித்தான் பதினஞ்சாம் நாள், இருபதாம் நாள்னு போச்சு." நாற்பது வருஷமாக யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆண் குழந்தைகளா? எத்தனையாவது நாள்?" என்று கேட்டார். பிறந்த மூன்றாம் நாள் ரத்தம் எடுத்து ஒரு ஹார்மோன் பரிசோதனை செய்யச் சொன்னார். அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறு. உடலில் உப்பு தங்காமல் வெளியேறிவிடும். ஆண் குழந்தைக்கு வெளி அடையாளம் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தினமும் மாத்திரையும், சைசவத்தில் கொஞ்சம் உப்பும் கொடுத்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றினார்கள். அவன் இன்று முப்பது வயதைத் தாண்டிய என்ஜினீயர்.

நம்மில் அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் கொள்வினை கொடுப்பினை நெடுநாள் வழக்கம். அத்தை மகன், மாமன் மகள் இருவருக்கும் பரம்பரைக் கூறுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நாலில் ஒரு பங்கு. ஒரே கோளாறை இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வருவதற்கு. உறவுக் கல்யாணக் குழந்தைகளில் பெரும்பாலானோர் சௌக்கியமாகவே இருக்கிறார்கள். யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. உறவே இல்லாத இடத்தில் செய்தாலும், பல நூற்றாண்டுகள் ஒரு சமூகத்துக்குள்ளேயே மணம் செய்தால் சில கூறுகள் அங்கே தங்கிவிடும். வைசிய சமூகத்தாரில் சிலருக்கு, ஆபரேஷனில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தைச் சிதைக்கும் என்சைம் குறைவாக இருப்பது நன்கு தெரிந்த உதாரணம். மயக்க மருந்து டாக்டர்கள் அவர்களிடம் முன்கூட்டியே விசாரிக்கிறார்கள். விசாரிப்பதால் அந்தச் சமூகத்துக்கு எந்தக் கௌரவக் குறைவும் வந்துவிடவில்லை.

நம் வீடுகளில் மறைப்பதற்குக் காரணம் என்ன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தங்கைக்கு வரன் பார்க்க வேண்டும், தம்பிக்குப் பெண் பார்க்க வேண்டும். "இந்தக் குடும்பத்தில் ஏதோ இருக்காம்" என்று பேச்சு வந்துவிடுமோ என்ற பயம். கோத்திரம், நட்சத்திரம், ஏழு தலைமுறை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். குழந்தையிலேயே போய்விட்ட ஒரு சித்தப்பாவின் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. நம் மறைவுக்கு விலை கொடுப்பது இனிப் பிறக்கப்போகும் குழந்தை.

நாம் செய்யக்கூடியவை

குழந்தை பிறக்கும் முன்பே, அந்த மருத்துவமனையில் குதிகால் ரத்தப் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதை இலவசமாகச் செய்கிறார்கள். எல்லா மாநிலங்களிலும் இது நடைமுறையாகிவிடவில்லை. நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவித் தைராய்டு குறைவு இருக்கிறது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும் குழந்தைதான். முதல் சில வாரங்களுக்குள் தினம் ஒரு மலிவான மாத்திரையைத் தொடங்கிவிட்டால் புத்தி வளர்ச்சிக்கு மோசமில்லை. தாமதமானால் இழந்தது திரும்பாது.

வீட்டுப் பெரியவர்கள் ஒரு தாளில் மூன்று தலைமுறையை எழுதி வையுங்கள். குழந்தையிலேயே இறந்தவர்கள், காது கேளாதவர்கள், நடக்க முடியாதவர்கள், ஆபரேஷனில் சிரமப்பட்டவர்கள் எல்லோரையும் சேர்த்து எழுதுங்கள். எந்த வயதில், எத்தனையாவது நாளில் என்பதும் முக்கியம்.

விட்டு விட்டு வரும் வலிப்பு, நடையில் மாற்றம் போன்றவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். டாக்டர் முன்னால் குழந்தை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். டாக்டரை மாற்றினாலும் ஃபைலை மறைக்காதீர்கள். ஒரே குழந்தைக்கு மூன்று இடத்தில் மூன்று வியாதி சொன்னால், இவையெல்லாம் ஒரே வியாதியாக இருக்குமா என்று பணிவோடு கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2021இல் மத்திய அரசு அபூர்வ நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. டெல்லி எய்ம்ஸ், மும்பை கே.இ.எம்., திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. போன்ற சிறப்பு மையங்களில் சேர்ந்தால், குறிப்பிட்ட நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு இடமுண்டு. வியாதியின் பெயர் உறுதியானால்தான் விண்ணப்பமே போட முடியும்.

பெயர் தெரிந்தும் குணமாக்க முடியாத வியாதிகள் இருக்கின்றன. அப்போதும் பெயர் தெரிவது நல்லது. ஊர் ஊராக அலைவது நிற்கும். வீண் வைத்தியச் செலவு நிற்கும். அடுத்த பிரசவத்துக்கு முன் ஆலோசனை பெறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்மேல் பழி போடுவது நிற்கும். பகவானைப் பிரார்த்தியுங்கள். பரிகாரமும் செய்யுங்கள். அதே தினம் டாக்டரிடமும் போங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தச் சபையில் எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் ஞாபகத்தில் இருப்பது வேறு எந்த ரிக்கார்டிலும் இல்லை. இன்று அகத்துக்குப் போனதும் மகனையோ மகளையோ, வெளியூரில் இருந்தால் ஃபோனிலாவது, கூப்பிட்டுச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.